மிக்காபரும் நம் வீட்டுத் தாத்தாவும்

மாமா: நீ நேற்று அனுப்பிய உன் கதையின் முதல் அத்தியாயத்தை நிதானமாகப் படித்தேன், கண்ணு. பெயரை மாற்றியிருந்தாலும் அது எங்கள் அப்பாதான். கடன் கொடுத்தவர் வாசலில் சைக்கிள் மணியை அடித்ததும் அவர் கொல்லைப்புறம் போய் மாட்டுத்தொழுவத்தில் உட்கார்ந்துகொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் ஊர் படிக்க வேண்டுமா என்று மனம் கேட்கிறது.

நான்: தாத்தாவைக் குறைத்துக் காட்டும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை, மாமா. எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்கிறவரே அவர்தான்.

பெரியம்மா: தம்பி, ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் அப்பா ஜானை எப்படி எழுதினார் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. ரொட்டிக் கடைக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்டு சொச்சத்தைக் கட்ட முடியாமல் ஜான் டிக்கன்ஸ் 1824-இல் லண்டனின் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். 12 வயது மகன் அப்போது பூட்ஸ் மை தொழிற்சாலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். அந்த அவமானத்தைப் பின்னாளில் தன் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தவர், 1849-இல் வெளிவரத் தொடங்கிய 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலில் அப்பாவை மிக்காபர் என்ற கடனாளிப் பாத்திரமாக்கினார். அப்பா அப்போது உயிரோடு இருந்தார், 1851-இல்தான் காலமானார்.

மாமா: பெற்ற தகப்பனைச் சிரிப்புக்கு ஆளாக்கியதை நியாயம் என்கிறாயா, அக்கா?

பெரியம்மா: அங்கே சிரிப்பு மட்டும் இல்லையே. கடன்காரர்கள் தெருவில் நின்று கத்தும்போது மிக்காபர் சவரக் கத்தியைத் தன்மேலேயே ஓங்கும் அளவுக்கு உடைந்துபோவார். அரை மணி நேரத்தில் காலணியைப் பளபளவென்று துடைத்து மாட்டிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி நிமிர்ந்த நடையில் வெளியே கிளம்பிவிடுவார். கூடவே இருந்து பார்த்த பிள்ளையால்தான் இப்படி எழுத முடியும். ஆனால் அதைவிடப் பெரிய வேலை ஒன்றை டிக்கன்ஸ் செய்தார். நாவலில் கதையின் நாயகன் டேவிட் பிறப்பதற்கு முன்பே அவனுடைய தகப்பன் இறந்துவிடுகிறார். மிக்காபர் அவன் தங்கியிருக்கும் வீட்டுக்காரர், அவ்வளவுதான். இரத்த உறவை அறுத்துவிட்டதால், மகனுக்குரிய கோபமும் வெட்கமும் குறுக்கே வராமல் அந்த மனிதரை மனதார நேசிக்க டிக்கன்ஸால் முடிந்தது. கல்லூரியில் இத்தனை வருடம் பாடம் நடத்தியும் அந்த இடம் எனக்கு அலுக்கவே இல்லை.

நான்: நான் பேத்தியின் வாயால் கதையைச் சொல்கிறேன், பெரியம்மா, அதனால்தான் பக்கத்துக்குப் பக்கம் தாத்தாவுக்கு வக்காலத்து வாங்க வேண்டியிருக்கிறது. எதிர்த்த மளிகைக் கடையில் வேலை பார்க்கும் பையன் சொல்வதாக மாற்றினால், கடன் வாங்கிய அன்று மாலையே அவர் வீட்டில் உள்ள எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்ததை விளக்கம் எதுவும் சொல்லாமல் அப்படியே எழுதிவிடலாம்.

அம்மா: எனக்கு வேறொரு கவலை. வட்டிக்குக் கொடுத்தவர் ஒரு காலை இழுத்து நடப்பதாக எழுதியிருக்கிறாய். நம் தெருவில் அப்படி நடந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய பிள்ளைகள் இன்றும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

பெரியம்மா: அதே நாவலில் இதுவும் நடந்தது. மிஸ் மௌச்சர் என்ற குள்ளமான பெண் பாத்திரத்தில், டிக்கன்ஸின் அக்கம்பக்கத்தில் வசித்த ஜேன் சீமோர் ஹில் என்ற பெண்மணி தன் உருவத்தையே கண்டு, 1849 டிசம்பரில் மனம் நொந்து அவருக்குக் கடிதம் எழுதினார். ஓரளவு அவரை நினைத்துத்தான் எழுதியதாக ஒப்புக்கொண்ட டிக்கன்ஸ், மாதாமாதம் அச்சாகிக்கொண்டிருந்த கதையின் போக்கையே மாற்றி, கெட்டவளாக்க நினைத்திருந்தவளை நல்லவளாக்கினார். இவ்வளவுக்குப் பிறகும், 1852-இல் தொடங்கிய 'பிளீக் ஹவுஸ்' நாவலில், நண்பர் லீ ஹன்ட்டின் பேச்சையும் பாவனையையும் எடுத்து, பிறர் காசில் வாழும் ஸ்கிம்போல் என்ற பாத்திரத்துக்குக் கொடுத்தார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்பாவிடம் காட்டிய பரிவில் கால் பங்குகூட அந்த நண்பருக்குக் கிடைக்கவில்லை.

நான்: கால் விஷயத்தை எடுத்துவிடுகிறேன், அம்மா. நோட்டுகளை அவர் எச்சில் தொட்டு எண்ணுவதாக வைத்துக்கொள்கிறேன். அது எந்த ஊர் வட்டிக்காரருக்கும் பொருந்தும்.

மாமா: அப்படியானால் இன்னொன்றும் சொல்கிறேன். பாட்டியின் கம்மலைத் தாத்தா கேட்டு வாங்கி அடகு வைத்ததாக எழுதியிருக்கிறாய். அவர் கேட்கவே இல்லை. எங்கள் அம்மாவே கழற்றிக் கொடுத்தாள், அவர் திண்ணையைவிட்டு எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. அந்த அடகுச் சீட்டு என் பீரோவில் இருக்கிறது, படம் எடுத்து அனுப்புகிறேன்.