பாப் லெ ஃப்ளாம்பர் (1956): கொள்ளையே நடக்காத கொள்ளைப் படமா?

நடுநிசி:
கனவான் திருடன் கதை என்று நினைத்து, நேற்று ராத்திரிதான் இந்தப் பிரெஞ்சுப் படத்தைப் பார்த்து முடித்தேன். முடிவு வரை பேசப் போகிறேன், பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கனவான் திருடன் என்றால் எனக்குத் தெரிந்தது பிரெஞ்சுக் கதைகளில் வரும் ஆர்சேன் லுப்பேன் வகைதான்: மாளிகைக்குள் பூனை மாதிரி நுழைந்து, நகையை எடுத்துக்கொண்டு, தன் பெயர் அட்டையை வைத்துவிட்டுப் போகிறவன். இங்கே பாப் நரைத்த தலையோடு விடிய விடிய சூதாடி, கையில் இருப்பதை எல்லாம் தோற்றுவிட்டு வீடு திரும்புகிறார். சரி, பின்பாதியில் தோவில் என்கிற கடற்கரை ஊரின் கேசினோ (சூதாட்ட விடுதி) பெட்டகத்தில் 80 கோடி பிராங்க் இருக்கிறது, அதை அடிக்கப் போகிறார்கள் என்று சூடு பிடிக்கிறது. ஆள் சேர்க்கிறார்கள், தரையில் கேசினோவின் வரைபடத்தைப் போட்டு ஒத்திகை பார்க்கிறார்கள், பூட்டின் சத்தத்தைப் பெரிதாக்கிக் கேட்டுக் கேட்டுப் பழகுகிறார்கள். இவ்வளவும் செய்துவிட்டு மனிதர் மேஜையில் ஆட உட்கார்ந்து, வந்த வேலையையே மறந்துவிடுகிறார்! பெட்டகத்தை ஒருத்தரும் தொடக்கூட இல்லை. எனக்குத்தான் ஏதோ பிடிபடவில்லையா?

பழைய ரீல்:
கொள்ளையைப் பார்த்தீர்களே, கவனிக்கவில்லையா? "பாப்பின் மனதில் இது இப்படித்தான் நடக்க வேண்டும்" என்கிற மாதிரி பின்னணிக் குரல் சொல்லும் (அது இயக்குநர் ழான் பியேர் மெல்வில்லின் சொந்தக் குரல்), உடனே அந்தக் கூட்டம் கேசினோவுக்குள் நுழைந்து கச்சிதமாக வேலையை முடிக்கும். அந்தக் கேசினோவில் ஆளே இருக்காது. திட்டம் பலிப்பது அந்தக் காலிக் கூடத்தில் மட்டும்தான். நிஜ ராத்திரியில் மேஜைகள் இருக்கின்றன, சீட்டு இருக்கிறது, எத்தனையோ வருஷமாக அவரைத் திரும்பிப் பார்க்காத அதிர்ஷ்டம் அன்றைக்குப் பார்த்து வந்து மடியில் உட்கார்கிறது.

தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது. ஃப்ளாம்பர் என்றால் பணத்தை நெருப்பாய் எரிக்கிற சூதாடி. திருட்டு அவருடைய பழைய தொழில், சூதுதான் ரத்தம். வேலை முடியும் வரை ஆட மாட்டேன் என்று கூட்டாளிகளுக்கு வாக்குக் கொடுத்தவர், கொள்ளைக்குக் குறித்த ஐந்து மணியை விட்டுவிட்டு சில்லுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். வெளியே துப்பாக்கிச் சத்தம், மகன் மாதிரி வளர்த்த போலோ செத்துக் கிடக்கிறான், அதே நேரத்தில் கேசினோ ஊழியர்கள் பாப் ஜெயித்த பணத்தைக் கட்டுக் கட்டாகத் தூக்கி வந்து காரில் வைக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு சதமும் திருடாமல் கேசினோவைக் காலி செய்த ஒரே திருடர் அவர்தான்.

கடைசி வரிசை:
எல்லாம் சரி, ஆனால் 'கனவான்' என்பதை எல்லாரும் கோட்டிலும் தொப்பியிலும் தேடுகிறீர்கள். எனக்கு அது மார்க் வரும் காட்சியில்தான் தெரிந்தது. பெண்களை வைத்துப் பிழைக்கிறவன், அதிலும் அவர்களை அடிக்கிறவன். பணம் கேட்டு வந்தால் பாப் விரட்டி அடிக்கிறார். தெருவில் நிற்கும் ஆன் என்கிற இளம்பெண்ணுக்குத் தன் வீட்டுச் சாவியையே கொடுக்கிறார், பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதைவிட, இன்ஸ்பெக்டர் லெத்ரு. ஒரு காலத்தில் பாப் அவர் உயிரைக் காப்பாற்றியவர், அந்த நன்றிக்காக ஒரு போலீஸ்காரர் ராத்திரி முழுக்க பாரிஸின் மோன்மார்த்ர் பகுதி மதுக்கடைகளில் ஏறி இறங்கி, "வேண்டாம், செய்யாதே" என்று சொல்ல ஆளைத் தேடுகிறார். லுப்பேன் போலீஸை ஏமாற்றுவான், இங்கே போலீஸே திருடனைக் காப்பாற்ற அலைகிறது.

ஒரு குறை: ரகசியம் கசிவது எல்லாம் பெண்களின் வாய் வழியாகத்தான். போலோ பெருமை அடித்துக்கொண்டதை ஆன் மார்க்கிடம் உளறுகிறாள், கேசினோவில் வேலை பார்ப்பவனின் மனைவியும் காட்டிக்கொடுக்கிறாள். மெல்வில் படங்களில் இது எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

நடுநிசி:
அந்தக் காலி கேசினோ காட்சியை நிஜம் என்றே நினைத்துக்கொண்டு பார்த்தேன், அடுத்த காட்சியில் குழம்பியது அதனால்தானா! அப்புறம், படம் ஏன் இப்படி அவசரத்தில் தெருவிலேயே எடுத்த மாதிரி இருக்கிறது?

பழைய ரீல்:
வெளிக்காட்சிகளைத் தெருவில்தான் எடுத்தார்கள். கையில் காசு சேரச் சேர விட்டு விட்டு எடுத்த படம், ஒளிப்பதிவு ஆன்ரி தெகே. ஆரம்பத்தில் விடியற்காலை வெளிச்சத்தில் சக்ரே கேர் தேவாலயத்தைச் சொர்க்கம் என்றும் கீழே பிகால் என்கிற கேளிக்கைப் பகுதியை நரகம் என்றும் காட்டி, மலை ரயில் இறங்கி வருமே, அந்தச் சாம்பல் நிறத்தை ஸ்டூடியோவில் கொண்டுவர முடியாது. பின்னால் வந்த பிரெஞ்சு சினிமாவின் 'புதிய அலை' இயக்குநர்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அவர்களில் ஒருவரான கொதார் தன் முதல் முழுநீளப் படமான 'ப்ரெத்லெஸ்'ஸில் (1960) மெல்வில்லையே ஓர் எழுத்தாளராக நடிக்க வைத்தார், அதில் பாப் மொன்தாஞே (நம்ம பாப்தான்) ஜெயிலில் இருக்கிறான் என்று ஒரு வசனமும் வரும்.

கடைசி வரிசை:
அப்படியென்றால் அந்த வக்கீல் பேச்சு பலிக்கவில்லை போல. படத்தின் கடைசியில் கைதாகிக் காரில் போகும்போது நல்ல வக்கீல் வைத்தால் தண்டனை குறையும், இன்னும் நல்ல வக்கீல் என்றால் நஷ்டஈடே கேட்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனார்களே!