உல்லையில் டாக்கோ கிடைக்குமா? கிழக்கில் மெக்சிக்கன் சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

கல்லடியான்

அக்காவின் பிள்ளைகள் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆவணி விடுமுறைக்கு மட்டக்களப்புக்கு வருகிறார்கள். பிட்டும் இறால் கறியும் விரும்பிச் சாப்பிடுவார்கள். ஆனால் அங்கே அவர்கள் தெருவோரம் நின்று சாப்பிட்டுப் பழகியது டாக்கோ, மெல்லிய ரொட்டிக்குள் இறைச்சியோ மீனோ வைத்து மடித்த மெக்சிக்கன் சாப்பாடு. அம்மம்மாவின் ஊரிலும் ஒரு நாள் அதை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

டவுனுக்குள் தேடிப் பார்த்துவிட்டேன். இங்கே பலகையில் மெக்சிக்கன் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது சோஸைத்தான் குறிக்கிறது. ஒரு கடையில் கேட்டபோது பராட்டாவுக்குள் கோழி, மயோனைஸ், தக்காளி சோஸ் வைத்துச் சுற்றித் தந்தார்கள். பசிக்கு நல்ல சாப்பாடுதான். தேசிக்காய்ப் புளி இல்லை, மல்லி இலை இல்லை, சோளன் வாசம் இல்லை. அந்தப் பிள்ளைகள் ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அறுகம்குடாவில், அதுதான் பொத்துவில் பக்கத்து உல்லையில், கிடைக்கும் என்கிறார்கள். இங்கிருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்கு மேலே. அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய் ஏமாற்றக் கூடாது. சாப்பிட்டவர்கள், சமைத்தவர்கள், எல்லோரும் எழுதுங்கள்.

உல்லைப் பொடியன்

அண்ணே, நான் உல்லையில ஒரு கெஸ்ட் ஹவுஸ் குசினியில சீசனுக்கு வேலை செய்யிறன். ஆவணி எண்டா பயப்பட வேணாம், சீசன் நடுவில வாறீங்க. சித்திரை கடைசியில இருந்து ஐப்பசி வரைக்கும்தான் எங்கட கடைகளுக்கு உயிர். வாடைக்காத்தும் மழையும் துவங்கினா அரைவாசிக் கடை பூட்டு. மார்கழியில வந்துட்டு உல்லையில ஒண்டுமில்ல எண்டு எழுதுறவங்களுக்காக இத முதல்ல சொல்றன்.

இஞ்ச மெக்சிக்கன் வந்தது அலைச் சறுக்கு ஆக்களோட. கலிபோர்னியாக்காரர் கனபேர் வருவாங்க. அவங்களுக்கு எல்லைக்கு அங்கால மெக்சிக்கோவில இருக்கிற பாஹா கலிபோர்னியா அலைக்குப் போற இடம், மீன் டாக்கோவுக்குப் பேர் போன இடமும் அதுதான். அதனால உல்லையில வந்தாலும் முதல்ல கேக்கிறது மீன் டாக்கோ. எனக்குப் படிப்பிச்சதும் அப்படி வந்து தங்கின ஒரு வெள்ளைக்காரர்தான். மீனைக் கோதுமை மாக் கரைசல்ல தோய்ச்சுப் பொரிக்கிற. அங்க கரைசலுக்கு பியர் ஊத்துவாங்க. எங்கட குசினியில அது இல்ல, குளிர்ந்த சோடாத் தண்ணி ஊத்துறம். அதே மொறுமொறுப்பு வரும். மேல கோவா மெல்லிசாச் சீவிப் போட்டு, தேசிக்காய் பிழிஞ்சு, வெள்ளைச் சோஸ் ஒண்டு ஊத்தணும். அங்க புளிப்பு கிரீம்ல செய்யிறத நான் எருமைத் தயிரத் துணியில கட்டித் தொங்கவிட்டு, தண்ணி வடிஞ்ச பிறகு உப்பும் தேசிக்காயும் சேர்த்து அடிக்கிறன். சாப்பிட்டுட்டு இது எங்க வாங்கின எண்டு கேக்காத ஆள் இல்ல.

மீன்தான் முக்கியம். பாரையும் அறுக்குளாவும் நல்லம். சூரை வேணாம், பொரிச்சா காஞ்சு போயிரும், சூரையச் சுட்டுத்தான் வைக்கணும். எங்க வாப்பா கடலுக்குப் போற ஆள். காலையில வந்த மீன் மத்தியானம் டாக்கோவுக்குள்ள இருக்கு. இத லொஸ் ஏஞ்சல்ஸ் தெருவில எதிர்பார்க்கேலாது.

ஒண்டு மட்டும் மறைக்காமச் சொல்றன். டாக்கோ மடிக்கிற ரொட்டிக்கு டோர்ட்டியா எண்டு பேர். நான் வேலை செய்த, சாப்பிட்ட குசினியெல்லாம் அது கோதுமை மாவிலதான், சோளன்ல இல்ல. சில இடத்தில பக்கற், சில இடத்தில அவங்களே தட்டுறது. நாங்க ரொட்டி மாவ எண்ணெய் குறைச்சு, கடதாசி மாதிரி உருட்டிக் கல்லில போடுறம். அதக் கள்ள டாக்கோ எண்டு சொல்லாதீங்க. மெக்சிக்கோட வடக்கில, சொனோரா பக்கம், கோதுமை டோர்ட்டியாதான் அவங்கட சொந்தச் சாப்பாடு. ஓடர் குடுக்க முதல் கேளுங்க: டோர்ட்டியா இஞ்ச தட்டுறதா, மீன் இண்டைக்கு வந்ததா, அவகாடோ இருக்கா. அவகாடோ எங்கட மண்ணில வாறல்ல, பதுளைப் பக்கத்தில இருந்து இறங்கி வரணும். அது வராத நாளில அவகாடோ மசிச்ச குவாக்கமோலே கேக்காம, தக்காளிச் சம்பல் மாதிரியான சல்சாவோட சாப்பிடுங்க.

காத்தான்குடி உம்மா

தம்பி எழுதினது சரி. நான் எங்கட முஸ்லிம் ஆக்களுக்காக ஒரு விசயம் சேர்க்கிறேன். மெக்சிக்கன் எண்டா கோழியும் அவரையும்தானே எண்டு நினைச்சுத் தின்ன வேணாம். அவிச்சு மசிச்ச அவரைய அங்க பாரம்பரியமா பண்டிக் கொழுப்பிலதான் வதக்குவாங்க. பொத்துவிலில நம்மட ஆக்கள்ட குசினியில அந்தப் பயம் இல்ல. ஆனா வெளிநாட்டு ஆக்களுக்கெண்டு நடக்கிற கடையில ஒரே கல்லில பேக்கனும் சுடுவாங்க. கேட்டா மறைக்கமாட்டாங்க, கேக்காம இருந்திராதீங்க.

எங்கட மகள்ட புள்ளைக்கு டாக்கோ ஆசை வந்தப்போ உல்லைக்குப் போக நேரமில்ல. ஷவர்மாக் கடையில இறைச்சிய மட்டும், பூண்டு சோஸ் போடாம, கட்டித் தரச் சொன்னன். கடைக்காரத் தம்பி யோசிச்சுத்தான் தந்தார். ஊட்ட வந்து காஞ்ச மிளகாய ஊறவெச்சு, பூண்டு, வினாகிரி, சீரகம் போட்டு அரைச்சு, அன்னாசித் துண்டோட இறைச்சியச் சேர்த்துத் தாச்சியில பிரட்டினன். மெல்லிய ரொட்டி, பச்சை வெங்காயம், மல்லி இலை, தேசிக்காய். புள்ள இன்னும் கேட்டுச்சு.

இது நானா உண்டாக்கின கூத்தில்ல. லெபனான் பக்கத்து ஆக்கள் மெக்சிக்கோவுக்குக் குடியேறினப்போ கம்பியில குத்திச் சுடுற இறைச்சியையும் கொண்டு போனாங்க. அங்க அது அல் பாஸ்டோர் எண்ட டாக்கோவா மாறிச்சு. அவங்க ஆட்டுக்குப் பதிலாப் பண்டி இறைச்சி போட்டாங்க, நான் கோழிக்குத் திருப்பிட்டன். மட்டக்களப்பில இருந்து காத்தான்குடி கிட்டத்தானே, அந்தப் புள்ளைகளுக்கு ஒரு நேரம் இதச் செய்து குடுங்க.

கல்குடாக் காற்று

பாசிக்குடாப் பெரிய ஹோட்டல்களில் இரவு பஃபேயில் சில நாள் மெக்சிக்கன் வைப்பார்கள். சாப்பிட்டிருக்கிறேன். நாச்சோஸ் என்ற சோளன் சிப்ஸ் பக்கற்றில் இருந்து வந்தது, உறைப்பே இல்லை. இதற்காகப் போக வேண்டாம். கடலுக்குப் போனால் குளித்துவிட்டு வாருங்கள்.

படுவான்கரைப் பிள்ளை

எல்லாரும் கோதுமை மாவிலேயே நிற்கிறீங்க. சோளன் நம்மட சேனையில விளையுது, அதப் பற்றி ஒருத்தரும் பேசல்ல.

எங்கட அப்பா சோளன் போடுறவர். 2018 கடைசியில படைப்புழு வந்து பயிரைத் திண்ட காலத்திலயும் விடல்ல. விளைஞ்சது பெரும்பாலும் கோழித்தீனுக்குப் போகும், மிச்சம் றோட்டோரத்தில அவிச்சு விக்கிறது. மாவாக்கி ரொட்டி தட்டலாம் எண்டு நான் முயற்சி செய்யக்குள்ள மா ஒட்டவே இல்ல, கையில எடுத்தா உதிர்ந்து போகுது. பிறகு வாசிச்சுத்தான் விளங்கிச்சு, மெக்சிக்கோவில மணியச் சும்மா அரைக்கிறதில்ல. சுண்ணாம்புத் தண்ணியில அவிச்சு, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி, ஈரத்தோடயே அரைக்கிறாங்க. சுண்ணாம்பு மணியிட தோலக் கழட்டும், மாவையும் பிடிக்க வைக்கும். இதவிடப் பெரிய விசயம், சோளனுக்குள்ள இருக்கிற நியாசின் எண்ட விற்றமின் இப்படிச் செய்தாத்தான் உடம்புக்குச் சேரும். ஐரோப்பாக்காரன் சோளனை மட்டும் கொண்டு போய், இந்தச் சுண்ணாம்பு வேலைய விட்டுட்டான். சோளனையே நம்பி இருந்த ஏழைச் சனத்துக்குப் பெலாக்ரா எண்ட நோய் வந்துச்சு. இதை வாசிச்ச நாள் எனக்கு அந்தப் பழைய சனத்திட அறிவில பெரிய மரியாதை வந்துச்சு.

அந்தச் சுண்ணாம்பு வேற எங்கயும் தேடத் தேவையில்ல. அம்மம்மாட வெத்திலைத் தட்டத்தில இருக்கிறதுதான். நிறமும் வாசமும் சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பு எடுங்க. சுவருக்குப் பூசுறதையும் நீறாத சுண்ணாம்புக் கல்லையும் தொட வேணாம். ஒரு கிலோ காஞ்ச சோளனுக்கு மூண்டு லீற்றர் தண்ணி, ஒரு மேசைக்கரண்டி சுண்ணாம்பு. அலுமினியப் பானையில வைக்காதீங்க, சுண்ணாம்பு அதை அரிக்கும், எவர்சில்வர் நல்லம். முக்கால் மணித்தியாலம் மெல்லிய நெருப்பில அவிச்சா மணி மஞ்சளாகித் தோல் வழுக்கும். மூடி வச்சிட்டுப் படுங்க. விடிய நாலஞ்சு தண்ணியில நல்லாக் கழுவுங்க. ஆட்டுக்கல்லில அரைச்சாத் திறம். கிரைண்டர் எண்டாத் தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சு அரைக்கணும், தோசை மா மாதிரி ஓடினாக் கெட்டுது. ரெண்டு பொலித்தீனுக்கு நடுவில உருண்டைய வச்சு, தட்டையான பலகையால அமத்தி, நல்லாச் சூடான இரும்புக் கல்லில போடுங்க. திருப்பினதும் அது ஊதும். அந்த வாசம் வேற எந்த ரொட்டியிலயும் வராது.

எங்கட வீட்டில சூட்டோட சூடா கீரிமீன் பொரியலும், தக்காளி, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், மல்லி இலை, தேசிக்காய் சேர்த்த சம்பலும் வச்சுச் சாப்பிட்டம். அந்தச் சம்பல் மாதிரித்தான் அவங்க சமைக்காத சல்சா எண்டு வைக்கிறாங்க. கொச்சிக்காய், தக்காளி, சோளன், பப்பாசி, கொய்யா எல்லாமே அமெரிக்கக் கண்டத்தில இருந்து கடல் கடந்து வந்ததுகள். கொச்சிக்காயக் கொண்டு வந்த போர்த்துக்கேயர்தான் 1628இல மட்டக்களப்புக் கோட்டையையும் கட்டினது. நல்லா உறைக்கணும் எண்டா நைமிரிஸ் கொச்சிக்காய் போடுங்க, மெக்சிக்கோட ஹபனேரோக் கொச்சிக்காயும் அதுவும் ஒரே இனம். அப்பா முதல் ஒண்டத் தொட்டும் பாக்கல்ல. பிறகு, கோழிக்குக் குடுக்கிறதயா இவ்வளவு காலமும் வித்தம் எண்டு கேட்டார்.

ரொறன்ரோத் தங்கை

அக்கா, இவ்வளவு பாடுபடாமல் கடையில் விற்கிற கோர்ன் ஃப்ளவரில் செய்ய முடியாதா?

படுவான்கரைப் பிள்ளை

இல்ல தங்கச்சி. இஞ்ச பெட்டியில வாற வெள்ளை மா வெறும் மாச்சத்து, சூப் தடிப்பாக்கத்தான் உதவும். உங்கட பக்கம் லத்தீன் கடைகளில மாசா ஹரினா எண்டு விக்கிறது சுண்ணாம்பில அவிச்சுக் காயவச்ச மா, அது சரிவரும். இஞ்ச வரக்குள்ள ஒரு பை கொண்டு வாங்க.

உல்லைப் பொடியன்

அக்கா, உங்கட சோளன் டோர்ட்டியாவும் எங்கட பாரை மீனும் சேர்ந்தா மறுகா ஒருத்தனும் ஒண்டும் சொல்ல ஏலாது. எங்கட முதலாளிட்டக் காட்டினன். மணி விலைக்குத் தருவீங்களா எண்டு கேக்கிறார்.

கல்லடியான்

எல்லோருக்கும் நன்றி. மீனுக்கு உல்லைக்குப் போகிறோம், காத்தான்குடி உம்மாவின் முறையில் ஒரு இரவு வீட்டில் செய்கிறோம். சோளன் ரொட்டியைப் பிள்ளைகளே தட்டட்டும். ஆவணியில் சோளன் கிடைக்குமா தங்கச்சி? கதிர் முறிக்கிற காலம் எப்போதோ முடிந்திருக்குமே.

படுவான்கரைப் பிள்ளை

பச்சைக் கதிர் இராது அண்ணே. உங்களுக்குத் தேவை காஞ்ச மணிதானே, பெரும்போகத்தில முறிச்சது வீட்டில இருக்கு. மருந்து போடாம விதைக்கெண்டு ஒதுக்கி வச்சதில இருந்து எடுத்துத் தாறன். பிள்ளைகள் வாற கிழமையச் சொல்லுங்க. முதல் நாள் பின்னேரமே அவிச்சு ஊறப்போடணும், அதால விடியச் சாப்பாட்டுக்கு வைக்காதீங்க, மத்தியானத்துக்கு வையுங்க. உல்லைத் தம்பி, உங்கட முதலாளிக்கு எத்தின கிலோ எண்டு அப்பாட்டக் கேட்டுச் சொல்றன்.