டிராகன் தொடருக்கு மதிப்புரை: யோசனை சொல்லுங்களேன்

நண்பர்களே, கிரெசிடா கோவெல் எழுதிய 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' தொடரின் 12 புத்தகங்களையும் (2003–2015) மகளோடு சேர்ந்து வாசித்து முடித்தேன். சிறுவர் இதழ் ஒன்றுக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்து, பாதியில் நிற்கிறேன்.

பலருக்கும் 2010இல் வந்த படம்தான் தெரியும். அதில் டூத்லெஸ் ('பல்லில்லாதவன்') கன்னங்கரேலென்ற பெரிய டிராகன். புத்தகத்திலோ கைக்கு அடக்கமான குட்டி. பல் கிடையாது, சொன்ன பேச்சும் கேட்காது. வைக்கிங் (பழங்கால வட ஐரோப்பியக் கடலோடிகள்) தலைவரின் மகன் ஹிக்கப், மற்றவர்களைப் போல அதட்டி அடக்காமல், டிராகன்களின் மொழியிலேயே பேசிப் பழக்குகிறான். எனக்கு உயிரான இடம் அதுதான். ஸ்காட்லாந்துக் கரையோரம் ஆளில்லாத சின்னத் தீவில் ஆசிரியர் கழித்த சிறுவயதுக் கோடைகள் கதை முழுக்கத் தெரிகின்றன.

சரி, என் சிக்கல்: கடைசிப் புத்தகங்களில் போர், அடிமை என்று காட்ட உடம்பில் போடும் சூட்டுக்குறி என்று கதை இருண்டுவிடுகிறது. மகள் ஓரிடத்தில் அழுதுவிட்டாள். பிள்ளைகளோடு வாசித்தவர்கள், எந்த வயதிலிருந்து கொடுக்கலாம் என்று சொல்லுங்கள். படத்தோடு ஒப்பிட்டுத் தொடங்கலாமா, தவிர்க்கலாமா? அப்புறம், டூத்லெஸ்ஸைப் 'பொக்கைவாயன்' என்று எழுதினால் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா?