இ-ஆதாரில் மஞ்சள் கேள்விக்குறி: 'டிரஸ்ட்' கொடுத்துப் பச்சையாக்குவது சரியா?

ஜெராக்ஸ்கடை_திண்டிவனம்:
தினமும் பத்துப் பேராவது இ-ஆதார் பிடிஎஃப்போடு வருகிறார்கள். கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறியும் 'வேலிடிட்டி அன்நோன்' என்ற வரியும் நிற்கும். "அண்ணே, பச்சை டிக் இல்லாட்டி பேங்க்ல வாங்க மாட்டேங்கிறாங்க" என்பார்கள். அடோபி ரீடரில் திறந்து, பெயரின் முதல் நான்கெழுத்தும் பிறந்த வருடமும் போட்டு, கேள்விக்குறிமேல் ரைட் கிளிக், சர்டிபிகேட்டைக் காட்டு, 'டிரஸ்ட்' டேப், பட்டியலில் சேர், ஓகே, ஓகே. பச்சை வந்துவிடும். நேற்று ஒரு கல்லூரிப் பையன், "நீங்க சரிபார்க்கலண்ணே, சரின்னு எழுதிக் கொடுக்கறீங்க" என்றான். ஆதார் ஆணையமே இப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறது. இதில் என்ன தப்பு?

சாவிக்கொத்து:
பையன் சொன்னது சரி அண்ணே. கையெழுத்திட்ட பிறகு கோப்பில் ஒரு எழுத்தாவது மாறியிருக்கிறதா என்பதை ரீடர் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடும். கையெழுத்திட்டவர் யார் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. மஞ்சள் என்றால் போலி என்று அர்த்தமில்லை, 'இவரை எனக்குத் தெரியாது' என்று அர்த்தம். நீங்கள் அதே கோப்புக்குள் இருக்கும் சான்றிதழை எடுத்து 'இவர் நம்மாளு' என்கிறீர்கள். ஈ.பி. ஆள் என்று வந்தவனை, அவனே பையிலிருந்து எடுத்துக் காட்டிய அட்டையை நம்பி உள்ளே விட்ட மாதிரி. நாளைக்கு நானே ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளில் ஆணையத்தின் பெயரைப் போட்டு ஒரு சான்றிதழ் செய்து, முகவரி மாற்றிய பிடிஎஃப்பில் கையெழுத்திட்டுக் கொண்டுவந்தாலும் உங்கள் கடையில் பச்சைதான். சான்றிதழ் பாதையில், அதாவது யாருக்கு யார் சான்று தந்தார் என்ற சங்கிலியில், என்ஐசி (அரசின் தேசியத் தகவலியல் மையம்) பெயர் இருக்கிறதா பார் என்று அந்த வழிமுறை சொல்வது உண்மை. ஆனால் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமே!

ஜெராக்ஸ்கடை_திண்டிவனம்:
தம்பி, பாதிப் பேருக்கு நானே ஓடிபி போட்டு ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்குகிறேன். நடுவில் எவன் வந்து மாற்றுவான்?

சாவிக்கொத்து:
அப்படியென்றால் நீங்கள் நம்பியது தளத்தை. டிக் புதிதாக எதையும் சொல்லவில்லை. மீதிப் பாதி வாட்ஸ்அப்பிலும் பென்டிரைவிலும் வருகிறதே, அதற்கு?

கவுண்டர்_3:
ஓய்வுபெற்ற வங்கிக்காரன். கேள்விக்குறி இருந்த தாளை நானும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டிக் இருக்க வேண்டும் என்று எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் சொன்னார், நானும் அதையே சொன்னேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. பிரிண்ட் எடுத்ததும் டிஜிட்டல் கையெழுத்து போய்விடுகிறது, தாளில் இருப்பது பச்சை மை. தாளிலும் பிழைப்பது க்யூஆர்தான். பெயர், முகவரி, படம் எல்லாம் ஆணையத்தின் கையெழுத்தோடு அதற்குள் இருக்கிறது. ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும்.

சாவிக்கொத்து:
ஐயா சொன்னதுதான் விஷயம். கோப்பாகவே பார்ப்பதென்றால், 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அமைந்த சிசிஏவின் (சான்றிதழ் தரும் அமைப்புகளுக்கு உரிமம் கொடுக்கும் அரசு அலுவலகம்) தளத்திலிருந்து, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் மூலச் சான்றிதழை இறக்கி, அதன் விரல்ரேகை எண்ணை (சான்றிதழை வைத்துக் கணக்கிட்ட அடையாள எண்) ஒப்பிட்டு, ஒரே ஒரு முறை அதற்கு மட்டும் 'டிரஸ்ட்' கொடுங்கள். சங்கிலியின் உச்சியில் 'சிசிஏ இந்தியா' என்று வருடத்தோடு இருக்கும். அதன் கீழ் வருபவை தானாகப் பச்சையாகும். நான் செய்த போலி மஞ்சளாகவே நிற்கும்.

எதற்கும்_கேள்வி:
மூலம் என்ன கடவுளா? 2014 ஜூலையில் என்ஐசியின் பெயரில் கூகுள் தளங்களுக்கே அனுமதியில்லாத சான்றிதழ் போனது மறந்துவிட்டதா? நான்குதான் என்று சிசிஏ சொன்னது, கூகுளோ அதற்கு மேலும் தனக்குத் தெரியும் என்றது. அந்த மூலத்தை இறக்குவதும் ஓர் இணையதளத்திலிருந்துதானே? கடைக்காரர் செய்வதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

சாவிக்கொத்து:
நல்ல கேள்வி. சங்கிலி எங்கோ ஓரிடத்தில் நம்பிக்கையில் போய்த்தான் முடியும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். ஜூலை 2 அன்று கூகுள் கண்டுபிடித்தது, மறுநாளே சிசிஏ என்ஐசியின் சான்றிதழ்களை ரத்து செய்தது. கூகுளின் குரோம் உலாவி அதற்குப் பிறகு சிசிஏ மீதான நம்பிக்கையை gov.in போன்ற சில முகவரிகளோடு நிறுத்திக்கொண்டது. தப்பு நடந்தால் ரத்து செய்ய ஒருவர் இருக்கிறார். அண்ணன் கணினியில் சேர்த்த போலியை யார் ரத்து செய்வது?

எதற்கும்_கேள்வி:
ரத்து வரை ஒப்புக்கொள்கிறேன். மூலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொன்னால் மாட்டேன்.

ஜெராக்ஸ்கடை_திண்டிவனம்:
நேற்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். நம்பகப் பட்டியலைத் திறந்தால் நாற்பத்து மூன்று பெயர். எல்லாம் நான் ஓகே அழுத்தியவை, பாதி யாரென்றே தெரியவில்லை. துடைத்துவிட்டு மூலத்தை மட்டும் போட்டேன். காலையில் வந்த முதல் இ-ஆதார் நான் கை வைக்காமலே பச்சையானது.

அந்த அம்மா தாளோடு பேங்குக்குப் போய் மத்தியானம் திரும்பி வந்தார். இந்த முறை கவுண்டரில் டிக் சின்னதாக இருக்கிறது என்றார்களாம். க்யூஆரைக் காட்டச் சொன்னேன். காட்டினாராம், அங்கே ஸ்கேன் பண்ணும் பழக்கமில்லை என்றார்களாம். பெரிதாக்கி இன்னொரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.