1917 என்று குத்தியிருந்தால் அது 1917 துப்பாக்கியா?

எட்மன்டன் செந்தில்:
இங்கே ஒருவர் லீ என்ஃபீல்ட் 303 ஒன்று, அதாவது பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி, விற்கிறார். போய் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தேன், காசு இன்னும் கொடுக்கவில்லை. பின்கட்டை வந்து மாட்டும் இரும்பு வளையமான பட் சாக்கெட்டில் கிரீடம், ஜி.ஆர். (ஜார்ஜ் மன்னர்), செய்த பி.எஸ்.ஏ. கம்பெனியின் பெயர், 1917, கீழே மாடலின் பெயர் மார்க் 3 ஸ்டார். ஆனால் குழலின் பின்வாயை மூடும் போல்ட்டின் கைப்பிடியில், பின்பக்கத்தில், பழைய நம்பரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, துப்பாக்கியின் நடு உடலான ரிசீவரில் இருக்கும் நம்பரைப் பக்கத்தில் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள். குழலைத் தாங்கும் முன்கட்டை மரத்தில், தோட்டாப் பெட்டியான மேகசீனுக்குச் சற்று முன்னால் குறுக்காக ஒரு திருகாணி ஓடுகிறது. இரும்பெல்லாம் கறுப்பு பெயிண்ட். அகன்ற அம்புக்குறி, அதன் கீழே ஆங்கில 'ஐ'. குழல் நுனியில் மாட்டும் நோஸ்கேப்பில் மட்டும் வேறு நம்பர். "சோம் போர்க்களம் பார்த்த துப்பாக்கி, அப்புறம் இந்தியாவில் ஆர்சனல் ரீபில்ட் (அரசு ஆயுத ஆலையில் புதுப்பித்தது) ஆனது, எல்லாம் ஒரிஜினல்" என்கிறார் விற்பவர். எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "நாலு துப்பாக்கியை உடைச்சு ஒண்ணு பண்ணியிருக்கான், விட்டுட்டு வா" என்றார். யார் சொல்வது சரி?

பழைய இரும்பு:
பெரியவர் சொன்னதுதான் சரி. முதலில் அந்த சோம் கதையைக் குப்பையில் போடுங்கள். பிரான்ஸில் நடந்த அந்தப் பெயர்பெற்ற சண்டை 1916 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, 1917-ல் செய்த துப்பாக்கி அதில் எப்படி இருந்திருக்கும்? வாயைத் திறந்ததும் ஒரு பொய் சொன்னவர் இரண்டாவதாகச் சொல்வதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

நம்பர் பொருந்தாத எதைக் கொண்டுவந்தாலும் "ஆர்சனல் ரீபில்ட்" என்று ஒரு போர்வையைப் போர்த்திவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. உண்மையிலேயே ஆலையில் திரும்பச் செய்த துப்பாக்கி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் லிவர்பூல் பக்கத்து ஃபசாகர்லி ஆலையில் புதுப்பித்த நம்பர் 4 (மார்க் 3-க்கு அடுத்து வந்த லீ என்ஃபீல்ட்) ஒன்றைப் பாருங்கள். ரிசீவரின் இடது சுவரில் மார்க் 1/2 என்று புதுப் பெயர், முழுப் புதுப்பிப்பைக் குறிக்கும் எஃப்.டி.ஆர். என்ற எழுத்து, எந்த வருடம் செய்தது என்பது வரை பொறித்திருக்கும். பெயர் ஏன் மாறியது என்பதையும் கழற்றினால் கண்ணால் பார்க்கலாம், ட்ரிக்கர் கார்டில் தொங்கிய ட்ரிக்கரை ரிசீவரிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். செந்தில் பார்த்ததில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு திருகாணி, ஒரு டப்பா பெயிண்ட். அந்தத் திருகாணியோடு உள்ள முன்கட்டை தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது.

மெல்பர்ன் குமரன்:
நம்பர் 4-க்கு உள்ள வழக்கத்தை எடுத்து மார்க் 3 தலையில் கட்டுகிறீர்கள். ஃபசாகர்லி 1940-களின் கடைசியிலும் 50-களிலும் செய்தது ஒரு முறை, வங்காளத்து இஷாபூர் ஆலை செய்தது வேறு முறை. இந்தியாவில் புதுப்பித்த மார்க் 3 எல்லாவற்றிலும் "நான் புதுப்பிக்கப்பட்டேன்" என்று பளிச்சென்று எழுதியிருக்காது, பல அடையாளங்களைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அம்பும் அதன் கீழே ஐ-யும் இந்திய அரசின் உடைமைக் குறி. ஆஸ்திரேலியா என்றால் இரண்டு டி-க்கு நடுவில் அம்பு, கனடா என்றால் சி-க்குள் அம்பு, தென்னாப்பிரிக்கா என்றால் யு-வுக்குள் அம்பு. ஆக இந்தத் துப்பாக்கி இந்தியாவில் இருந்தது, அதில் சந்தேகமில்லை. முன்கட்டைக் குறுக்குத் திருகாணி இஷாபூரின் வேலை. சுடும் உதைப்பில் மரம் பிளக்காமல் இருக்கப் போட்டது. ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலையில் அதே தொல்லைக்குச் செம்புத் தகடு வைத்தார்கள். கறுப்பு பெயிண்டும் இந்திய வேலையில் சர்வசாதாரணம்.

செந்தில், அடுத்த முறை போகும்போது விற்பவரைக் கேட்டு, குழலின் மேல் மூடியிருக்கும் பின்பக்கக் கைக்கட்டையைக் கழற்றி, குழல் ரிசீவரோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கேதான் குழலின் நம்பரும் தேதியும் இருக்கும். குறிபார்க்கும் ரியர் சைட் இலையைத் தூக்கி அடியில் பாருங்கள். முன்கட்டையின் அடிப்பக்கம், நுனிக்கு அருகில், மரத்திலேயே நம்பர் குத்தியிருக்கும், அதை மறக்காதீர்கள்.

பழைய இரும்பு:
நம்பர் குத்தும் பஞ்ச் செட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது, குமரன். மரத்தில் குத்த சுத்தியல்கூட வேகமாக அடிக்க வேண்டாம். எல்லா நம்பரும் பொருந்தினால் இன்னும் சந்தேகப்படுவேன் நான்.

மெல்பர்ன் குமரன்:
பொருந்தாவிட்டால் கலவை, பொருந்தினால் போலி. அப்படியானால் எதைக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வீர்கள்?

பழைய இரும்பு:
சொல்கிறேன். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து அந்த போல்ட் நம்பரைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். இரும்பில் பஞ்ச் இறங்கும்போது எழுத்தின் ஓரத்தில் உலோகம் கொஞ்சம் மேலே பிதுங்கும். ஐம்பது அறுபது வருடம் கைபட்டுத் துணிபட்டிருந்தால் அந்தப் பிதுக்கம் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருக்கும். போன வருடம் யாரோ கொட்டகையில் குத்தியதென்றால் நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். அடித்த கோடும் புது எண்ணும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, எண்களின் வடிவம். 4-ன் தலை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா, 3 தட்டைத் தலையா உருண்டைத் தலையா. போல்ட், சைட் இலை, முன்கட்டை மூன்றிலும் ஒரே பஞ்ச் என்றால் பேசலாம்.

மதுரை ஆர்மரர்:
தம்பிகளா, நடுவில் நுழைகிறேன். ஆயுதப்படையில் ஆர்மரர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பெல் ஆஃப் ஆர்ம்ஸில், அதாவது ஆயுத அறையில், 303 வரிசையாகச் சங்கிலி போட்டு நிற்கும். ஆய்வுக்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்றி எண்ணெயில் ஊறவைத்துத் துடைப்போம். நோஸ்கேப்பெல்லாம் ஒரே தட்டில்தான் குவிந்து கிடக்கும். திரும்ப மாட்டும்போது போல்ட்டை மட்டும் நம்பர் பார்த்து மாட்டுவோம், அது மாறினால் ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டாவுக்குப் பின்னால் போல்ட் விடும் இடைவெளி, தப்பிவிடும், மெமோ வாங்க வேண்டியதுதான். நோஸ்கேப் நம்பரை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை, அளவு சரியாக உட்கார்ந்தால் போதும். உங்கள் ஆட்கள் அந்த நம்பருக்காக விலையில் பாதியைக் குறைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நம்மூரில் 303 தனியார் வைத்துக்கொள்ளக் கூடாத குழல் அளவு என்பதால் இஷாபூர் அதே லீ என்ஃபீல்ட் மாதிரியில் 315 என்று ஒரு வேட்டைத் துப்பாக்கி போட்டு லைசென்ஸ்காரர்களுக்கு விற்றது. அது வேறு கதை.

பழைய இரும்பு:
சார், உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். நோஸ்கேப் ஏன் மாறியிருக்கலாம் என்பதற்கு அது நல்ல விளக்கம், ஒப்புக்கொள்ளக்கூடிய விளக்கம். ஆனால் போல்ட் நம்பரைக் குத்தியது ஆலையா, பட்டாளத்து ஆர்மரரா, இறக்குமதி செய்த வியாபாரியா என்ற கேள்விக்கு அது பதில் இல்லையே.

டெக்சாஸ் பாலா:
நான் அமெரிக்க ராணுவத்தின் கேரண்ட் துப்பாக்கிப் பக்கத்து ஆள், ஆனாலும் இந்தச் சண்டை எங்களிடமும் உண்டு. எங்களுக்குக் கொஞ்சம் சௌகரியம், ராக் ஐலண்ட் ஆர்சனலில் புதுப்பித்தது என்றால் ஸ்டாக்கின் இடது பக்கத்தில் ஆர்.ஐ.ஏ., கீழே ஆய்வாளரின் இரண்டு எழுத்து, கட்டத்துக்குள் முத்திரையாக இருக்கும். ரெட் ரிவர், லெட்டர்கென்னி டிப்போக்களில் 60-களில் செய்தவற்றில் ரிசீவரின் காலில் மின்பேனாவால் டிப்போ பெயரும் மாதமும் வருடமும் கிறுக்கியிருப்பார்கள், ஸ்டாக்கிலிருந்து கழற்றினால்தான் தெரியும்.

ஆனால் என்ன ஆயிற்று? 1943 ரிசீவரில் 1952 குழல் இருந்தால் "தப்பான பாகம்" என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, 1943 குழலைத் தேடி வாங்கி மாட்டி, "கரெக்ட்" கேரண்ட் என்று இரண்டு மடங்கு விலைக்கு விற்றார்கள். முத்திரையே போலியாகச் செய்து மரத்தில் அடித்தவர்களும் உண்டு. இப்போது டிப்போ அனுப்பிய நிலையிலேயே, கை படாத ரீபில்ட் கிடைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. முதலில் வந்த ஐம்பதாயிரம் சொச்சம் கேஸ் ட்ராப் (குழல் நுனியில் வாயுவைப் பிடிக்கும் பழைய அமைப்பு) கேரண்டுகளில் பெரும்பாலானவற்றை ராணுவமே மாற்றிக் கட்டிவிட்டது, அதற்கு யாரைக் கோபிப்பது? செந்திலுக்கு என் ஆலோசனை, வாங்கினால் பெயிண்டைச் சுரண்டாதீர்கள்.

எட்மன்டன் செந்தில்:
நேற்று மறுபடி போனேன். விற்பவர் முகம் சுளித்தாலும் கழற்ற விட்டார்.

குழலில் ரிசீவர் நம்பரே இருக்கிறது, தேதி 45. முன்கட்டை அடியிலும் அதே நம்பர். சைட் இலையில் ஒரு நம்பரை அடித்துவிட்டு அதே நம்பர். மூன்று இடத்திலும் 4-ன் தலை திறந்தே இருக்கிறது, 7-ன் கால் கொஞ்சம் வளைந்திருக்கிறது, ஒரே பஞ்ச் என்றுதான் தோன்றுகிறது. போல்ட்டில் நகத்தை இழுத்தால் எதுவும் தட்டவில்லை, எண்களுக்குள் பழைய கிரீஸ் கல்லாக இறுகி இருந்தது, குண்டூசியால் கிளறினேன். போல்ட் கைப்பிடியின் அடியில் ரொம்பச் சின்னதாக ஒரு குறி. முதலில் கிரீடம் என்று நினைத்தேன், லென்ஸ் வைத்துப் பார்த்தால் அசோகச் சிங்கம்.

மெல்பர்ன் குமரன்:
சிங்கம் நம் அரசுச் சின்னமானது 1950 ஜனவரி 26. அதற்கு முன்னால் பெரும்பாலும் கிரீடம்தான். ஆக இந்த போல்ட் 1950-க்குப் பிறகு இந்திய ஆய்வாளர் ஒருவர் கையைத் தாண்டித்தான் வெளியே வந்திருக்கிறது. குழல் 45 என்பதால் வேலை 45-ல் நடந்ததாக அர்த்தமில்லை, கிடங்கில் கிடந்த குழலைப் பின்னால் எடுத்து மாட்டியிருக்கலாம். 45 என்பது கீழ் எல்லை மட்டும், சிங்கம் அந்த எல்லையை 50-க்குத் தள்ளுகிறது. போதுமா, பழைய இரும்பு?

பழைய இரும்பு:
கொட்டகை வேலை இல்லை என்பதற்கு இது போதும். ஆனால் நீங்களே சொன்னதைக் கூட்டிப் பாருங்கள். குழல் 45, கட்டை இந்தியா, ஆய்வு 1950-க்குப் பிறகு. 1917-ல் மிச்சமிருப்பது ரிசீவர் மட்டும்தான். அப்புறம் எப்படி "முதல் உலகப்போர்த் துப்பாக்கி, எல்லாம் ஒரிஜினல்" என்று விலை வைக்கிறார்? குடியரசு இந்தியாவின் துப்பாக்கி என்று சொல்லி அதற்கான விலை கேட்கட்டும், நானே வாங்குகிறேன். ரீபில்ட் என்பது கௌரவமான சொல்தான், முழு விலைக்கு அது காரணம் ஆகாது என்பதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

மெல்பர்ன் குமரன்:
ஆரம்பத்தில் "நாலு துப்பாக்கியை உடைச்ச கதைதான் சரி" என்றீர்கள், மேலே போய்ப் படித்துப் பாருங்கள். 1917 ரிசீவர் இரண்டு போரையும் ஒரு சாம்ராஜ்யத்தையும் தாண்டி வந்து 50-களில் மறுபடி வேலைக்குத் தயாரானது என்றால் என் கணக்கில் அது கிடங்கிலேயே தூங்கிய பளபள துப்பாக்கியைவிட மதிப்பு கூடியது. சந்தை அப்படி நினைக்கவில்லை என்றால் சந்தைக்குத்தான் நட்டம்.

எட்மன்டன் செந்தில்:
விற்பவரிடம் சொன்னேன். சோம் விஷயத்தை எடுத்துவிட்டார், விலையைக் குறைக்கவில்லை. பெயிண்டைச் சுரண்டி, திருகாணி இல்லாத பிரிட்டிஷ் கட்டை மாட்டி 1917 மாதிரியே ஆக்கிவிட்டால் என்ன என்று என் நண்பன் கேட்கிறான்.

டெக்சாஸ் பாலா:
ஐயோ, வேண்டாம்.

பழைய இரும்பு:
இந்த ஒரு விஷயத்தில் பாலா கட்சிதான் நானும். அப்படிச் செய்தால் பெரியவர் சொன்னது அப்போதுதான் நிஜமாகும். அப்புறம், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் போட்டுப் பார்க்காமல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள். ஆர்மரர் சார் மெமோவுக்குப் பயந்தார், உங்களுக்குக் கண் போகும்.

மதுரை ஆர்மரர்:
போல்ட்டின் நுனியில் திருகியிருக்கும் போல்ட் ஹெட்டையும் கழற்றிப் பாருங்கள் தம்பி. திரும்ப முழுக்கத் திருகும்போது அது நேராக நிற்க வேண்டிய இடத்தை 20 டிகிரிக்குமேல் தாண்டிச் சுற்றினால் வேறு ஹெட் தேடுங்கள்.