முதல் சீசன் ரன்னிங் பேக்: நாம் எதிர்பார்த்தது என்ன, களத்தில் நடந்தது என்ன?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்-லில், அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்டில், பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் ஆஷ்டன் ஜென்ட்டியை லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் 6-வது தேர்வாக எடுத்தபோதே "1,500 யார்டு நிச்சயம்" என்று ரசிகர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. 2024-ல் பாய்சி ஸ்டேட் கல்லூரி அணிக்காக 374 கேரியில் (பந்தோடு ஓடிய முறை) 2,601 யார்டு, 29 டச்டவுன் (பந்தைக் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது). பாரி சாண்டர்ஸ் 1988-ல் போட்ட கல்லூரிச் சாதனையான 2,628-க்கு 27 யார்டுதான் குறைவு.

என்எஃப்எல்-லில் முதல் ஆட்டம்: 19 கேரி, 38 யார்டு. நான்காவது வாரம் பேர்ஸுக்கு எதிராக 138 யார்டு. அதில் ஒரே ஓட்டத்தில் வந்தது 64. சீசன் முடிவில் ஆயிரத்தை எட்டவில்லை. ஆனால் 50-க்கு மேல் கேட்ச் (வீசிய பாஸைப் பிடிப்பது) பிடித்திருந்தார். அவர் வருவதற்கு முந்தைய சீசனில் ரெய்டர்ஸ் அணியின் மொத்த ஓட்டமே 1,357 யார்டு, 32 அணிகளில் கடைசி இடம். இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நீங்கள் கூர்ந்து கவனித்த ரூக்கி (முதல் சீசன்) பேக்குகளில் யார் எதிர்பார்ப்பை எட்டினார், யார் எட்டவில்லை, காரணம் என்ன என்று எண்களோடு கீழே பதிலாக எழுதுங்கள். "திறமை இல்லை" என்று ஒரே வரியில் முடிக்க வேண்டாம்.

* * *

காரணம் கேட்டால் முதலில், பேக்குக்கு வழி திறக்கும் ஐந்து பேரான ஆஃபென்சிவ் லைனைத்தான் சொல்வேன். சேக்வான் பார்க்லியின் கணக்கைப் பாருங்கள். 2018-ல் ஜயன்ட்ஸுக்கு 2-வது தேர்வாக வந்தார். 261 கேரியில் 1,307 யார்டு, 91 கேட்ச், ஓட்டமும் கேட்சும் சேர்த்து 2,028 யார்டு. அந்த ஆண்டின் சிறந்த ஆஃபென்சிவ் ரூக்கி விருதும் அவருக்கே. அணியோ 5 வெற்றி, 11 தோல்வி. ரூக்கி எவ்வளவு நன்றாக ஆடினாலும் அணி மேலே வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

அதே பார்க்லி 2023-ல் ஜயன்ட்ஸுக்காக ஒரு கேரிக்கு 3.9 யார்டு எடுத்தார். 2024-ல் ஈகிள்ஸுக்குப் போனதும் 345 கேரியில் 2,005 யார்டு, கேரிக்கு 5.8. ஒரே ஆள், ஒரு வயது கூடியிருக்கிறது, அவ்வளவுதான். முன்னால் நின்ற ஐந்து பேரும், பாஸ் வீசுவதோடு ஓடவும் கூடிய குவார்ட்டர்பேக்கும்தான் வித்தியாசம்.

எதிர்ப்பக்கம் 2016-ன் எசக்கியல் எலியட். 4-வது தேர்வு, 322 கேரி, 1,631 யார்டு, லீகில் முதலிடம். அவருக்கு முன்னால் டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடெரிக், சாக் மார்ட்டின் என்ற மூன்று பெரிய கைகள் நின்றன. எலியட்டின் திறமையை நான் குறைக்கவில்லை. அந்த லைன் எல்லா ரூக்கிக்கும் வாய்க்காது என்கிறேன்.

ஆட்டம் பார்க்கும்போது பேக் எங்கே முதலில் தொடப்படுகிறார் என்று கவனியுங்கள். ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) நடந்த கோட்டுக்குப் பின்னாலேயே கை பட்டால், அந்த ஓட்டத்தின் 2 யார்டு அவர் தனியாகச் சம்பாதித்தது. கோட்டைத் தாண்டி 3 யார்டு வரை யாரும் தொடாமல் போய் 4 யார்டில் விழுந்தால், பாராட்டு லைனுக்குத்தான்.

* * *

லைன் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் ரசிகர்கள் அதிகம் கோட்டை விடுவது கேரி எண்ணிக்கையில்.

பிஜான் ராபின்சன், ஃபால்கன்ஸ், 2023-ல் 8-வது தேர்வு. முதல் சீசனில் 214 கேரி, 976 யார்டு. "ஆயிரம்கூட இல்லையே" என்ற புலம்பல் நினைவிருக்கும். அடுத்த ஆண்டு 304 கேரி, 1,456 யார்டு. உடனே "மலர்ந்துவிட்டார்" என்றார்கள். வகுத்துப் பாருங்கள். முதல் ஆண்டு கேரிக்கு 4.56, இரண்டாம் ஆண்டு 4.79. கூடிய 480 யார்டில் பெரும்பகுதி அந்த 90 கேரியால் வந்தது. முதல் ஆண்டில் இன்னொரு பேக் டைலர் ஆல்ஜியர் 2022-ல் 1,035 யார்டு ஓடிய தெம்போடு கூடவே இருந்தார். பயிற்சியாளர் ஆர்தர் ஸ்மித் பந்தைப் பிரித்துக் கொடுத்தார். பயிற்சியாளர் மாறினார், பங்கு மாறியது.

சீசன் தொடங்குமுன் போட வேண்டிய கணக்கு சின்னது. ஆட்டத்துக்கு எத்தனை கேரி வரும் என்று மதிப்பிடுங்கள். 17-ஆல் பெருக்குங்கள். அதை 4.2-ஆல் பெருக்குங்கள், லீக் சராசரி அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். 12 கேரி என்றால் 857 யார்டு. 15 என்றால் 1,071. 18 என்றால் 1,285. லைன் மோசம் என்றால் 3.7 போடுங்கள். அப்போது 15 கேரிக்கு 944-தான் வரும். இரண்டு ஆட்டம் காயத்தில் போகும் என்று கழித்துக்கொள்வது நல்லது.

எரிக் டிக்கர்சனின் 1983 ரூக்கி சாதனை, 1,808 யார்டு, 16 ஆட்டத்தில் 390 கேரியில் வந்தது. ஆட்டத்துக்கு 24-க்கும் மேல். இன்று எந்த அணியும் ஒரு ரூக்கிக்கு அவ்வளவு தருவதில்லை. அந்த எண்ணை இன்றைய பையனுக்கு அளவுகோலாக வைப்பது நியாயமே இல்லை.

* * *

அண்ணா, கேரி கணக்கு புரிகிறது. ஆனால் நல்ல ரூக்கியை மூன்றாவது டவுனில் (10 யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) ஏன் வெளியே உட்கார வைக்கிறார்கள்? முதல் இரண்டு டவுனில் 9 யார்டு எடுத்த பையனை எடுத்துவிட்டு, 30 வயது ஆளை இறக்குகிறார்கள். பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

* * *

தம்பி, அதற்குக் காரணம் பிளிட்ஸ், அதாவது குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க எதிரணி கூடுதல் ஆள் அனுப்புவது. கல்லூரியிலிருந்து வரும் பேக்குக்குக் கடினமான பாடம் ஓட்டம் அல்ல, குவார்ட்டர்பேக்கைக் காப்பது. விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் டிவியில் இது கண்ணில் படாது.

மூன்றாவது டவுனில் 7 யார்டு வேண்டும் என்றால் எதிரணி எங்கிருந்தும் ஆள் அனுப்பும். ஸ்னாப்புக்கு முன் பேக் செய்ய வேண்டியது: லைன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்வது, தனக்கு ஒதுக்கப்பட்ட லைன்பேக்கர் (எதிரணியின் இரண்டாம் வரிசைத் தடுப்பாளர்) யார் என்று குறித்துக்கொள்வது, சேஃப்டி (கடைசி வரிசைத் தடுப்பாளர்) யாராவது கீழே இறங்குகிறாரா என்று பார்ப்பது. ஸ்னாப் ஆனதும் உள்ளிருந்து வெளியே பார்க்க வேண்டும். நடுவிலிருந்து வருபவனுக்குக் குவார்ட்டர்பேக்கிடம் போகும் தூரம் குறைவு, ஆகவே அவனுக்குத்தான் முதலிடம். அவன் வராவிட்டால் வெளியே பார். அங்கும் யாரும் வராவிட்டால் பாஸ் வாங்க ஓடு. இத்தனைக்கும் இரண்டரை விநாடிதான் கிடைக்கும்.

ரூக்கிகள் தவறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று, குவார்ட்டர்பேக்கின் காலடியிலேயே நின்று காத்திருப்பது. வருபவன் ஐந்து யார்டு வேகம் எடுத்துவிடுகிறான், 95 கிலோ பையனை 110 கிலோ லைன்பேக்கர் பின்னால் தள்ளிக் குவார்ட்டர்பேக் மேலேயே போடுகிறான். முன்னேறிப் போய் லைனுக்குப் பக்கத்திலேயே மோத வேண்டும். இரண்டாவது, மோதும்போது தலையைக் குனிவது. கண் போனால் ஆள் நழுவிவிடுவான். கை உள்பக்கம், இடுப்பு தாழ்வு, கண் எதிராளியின் நெஞ்சில். மூன்றாவது, குவார்ட்டர்பேக் கடைசி நொடியில் காப்பு முறையை மாற்றும்போது அதைக் கேட்காமல் பழைய ஆளையே தேடுவது. இந்த மூன்றாவதுதான் பயிற்சியாளரைப் பயமுறுத்தும். குவார்ட்டர்பேக் காயப்பட்டால் சீசனே போய்விடும்.

கல்லூரியில் நட்சத்திர பேக்கிடம் இந்த வேலையை அதிகம் கேட்பதில்லை, கேட்டாலும் எளிய முறையில்தான். டிரெயினிங் கேம்பிலும் முதல் சில நாள் காப்புப் பேட் அணியாமல்தான் பயிற்சி. உண்மையான மோதலைப் பழக நாட்கள் குறைவு. அதனால் செப்டம்பரில் மூத்தவர் மூன்றாவது டவுனில் நிற்பது வழக்கம். அக்டோபர் கடைசியிலும் அப்படியே இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

* * *

டெட்ராய்ட் ரசிகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2023-ல் ஜமீர் கிப்ஸ் 12-வது தேர்வு. முதல் ஆட்டத்தில் அவருக்கு வந்தது 7 கேரி, அதில் 42 யார்டு. "ஏன் தரவில்லை" என்று ஊரே கொதித்தது. அணியின் இன்னொரு பேக் டேவிட் மான்ட்கோமரி காயப்பட்டதும் வழி திறந்தது. ரெய்டர்ஸுக்கு எதிரான திங்கள் இரவில் 152 யார்டு. கடைசியில் கிப்ஸ் 945, மான்ட்கோமரி 1,015. இருவரும் சேர்ந்து 23 ஓட்ட டச்டவுன். எண்ணாகப் பார்த்தால் கிப்ஸ் ஆயிரத்தைத் தொடவில்லை. அணியாகப் பார்த்தால் அந்த லீகிலேயே நல்ல ஜோடி அதுதான்.

* * *

ஓட்டத்தின் நுணுக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே. கல்லூரியில் மைதானத்தின் ஹாஷ் கோடுகளுக்கு (ஸ்னாப்புக்குப் பந்து இவற்றுக்குள்தான் வைக்கப்படும்) நடுவே 40 அடி இடைவெளி. என்எஃப்எல்-லில் 18 அடி 6 அங்குலம்தான். கல்லூரியில் பந்து ஒரு பக்க ஹாஷ் கோட்டில் வைக்கப்பட்டால், அகன்ற பக்கம் ஓட 100 அடி இடம் கிடைக்கும். இங்கே அதிகபட்சம் 90 அடிகூட இல்லை. போதாததற்கு எதிரே வரும் டிஃபென்சிவ் எண்டும் (எதிரணி முன்வரிசையின் ஓர ஆள்) ஏறக்குறைய பேக்கைப் போலவே வேகமாக ஓடுகிறான்.

ஆகவே ரூக்கியிடம் முதல் மாதத்தில் நாம் பார்க்கும் தவறு: உள்ளே 3 யார்டு வழி இருக்கும்போது வெளியே வளைந்து ஓடி 2 யார்டு இழப்பது. கல்லூரியில் அதே வளைவு 40 யார்டு தந்திருக்கும். சோன் ஓட்டத்தில் (லைன் முழுவதும் ஒரே பக்கம் நகர்ந்து தடுப்பது) குறித்த இடத்தை நோக்கி நேராக அழுத்திப் போய், லைன்பேக்கரை நகர வைத்து, ஒரே வெட்டு வெட்டி மேலேற வேண்டும். இரண்டாவது வெட்டுக்கு நேரம் இல்லை. கார்டு (லைனில் நடு ஆளுக்குப் பக்கத்தவர்) விலகி வந்து வழி திறக்கும் ஓட்டத்தில் பிரச்சினை நேர்மாறு: அவசரப்பட்டு கார்டுக்கு முன்னாலேயே போய் நின்றுவிடுவார்கள். எந்த வகை ஓட்டத்தில் பையன் கல்லூரியில் வளர்ந்தான், புது அணி எதை ஓடுகிறது என்று டிராஃப்ட் அன்றே பார்த்துவிட்டால் பாதி விடை கிடைக்கும்.

* * *

கேரி சராசரியை வைத்து ரூக்கியைத் தீர்ப்பிடுகிறவர்களுக்கு இந்த இரண்டு பெயர்கள்.

லடேனியன் டாம்லின்சன், சார்ஜர்ஸ், 2001, 5-வது தேர்வு: 339 கேரி, 1,236 யார்டு, கேரிக்கு 3.6.
டிரென்ட் ரிச்சர்ட்சன், பிரவுன்ஸ், 2012, 3-வது தேர்வு: 267 கேரி, 950 யார்டு, கேரிக்கு 3.6.

முதலாமவர் 2006-ல் ஒரே சீசனில் 31 டச்டவுன் போட்டு, 2017-ல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். இரண்டாமவரை 2013 செப்டம்பரிலேயே கோல்ட்ஸுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வுக்கு மாற்றிக்கொண்டார்கள்; 2014-க்குப் பிறகு அவர் எந்த சீசன் ஆட்டத்திலும் ஆடவில்லை. சராசரி இருவரையும் ஒன்றாகவே காட்டியது. வால்டர் பேட்டனுடைய 1975 முதல் ஆட்டம் 8 கேரி, 0 யார்டு. அன்று இணையம் இருந்திருந்தால் அவரை என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று நினைக்கவே மனம் வலிக்கிறது.

* * *

ஃபேன்டஸி (நிஜ வீரர்களின் எண்களுக்குப் புள்ளி தரும் கற்பனை அணி விளையாட்டு) ஆடுபவர்கள் ரூக்கியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்ச் எண்ணிக்கையைப் பாருங்கள். கேட்ச் ஒன்றுக்கு 1 புள்ளி தரும் லீக் என்றால், கிறிஸ்டியன் மெக்காஃப்ரியின் 2017 நல்ல பாடம். ஓட்டத்தில் வெறும் 435 யார்டு. ஆனால் 80 கேட்ச், 651 யார்டு. 10 யார்டுக்கு 1, டச்டவுனுக்கு 6 என்ற வழக்கமான கணக்கில், 7 டச்டவுனும் சேர்த்து 230 புள்ளி. ஃபம்பிளுக்கான (பந்தைத் தவறவிடுவது) கழிவு தனி. ஓட்டத்தை மட்டும் பார்த்தவர்கள் அவரை "ஏமாற்றம்" என்றார்கள்.

வாரா வாரம் மூன்று எண் போதும்: எத்தனை சதவீத ஸ்னாப்பில் களத்தில் இருந்தார், மூன்றாவது டவுனில் எத்தனை முறை பாஸ் வாங்க ஓடினார், கோல் கோட்டுக்கு 5 யார்டுக்குள் எத்தனை கேரி கிடைத்தது. யார்டு தாவித் தாவி வரும், இவை நிலையாக ஏறும் அல்லது இறங்கும். மூன்று வாரம் தொடர்ந்து ஏறினால் பெஞ்சில் விடாதீர்கள்.

* * *

ஃபம்பிள் பற்றி ஒரு சொல். கரீம் ஹன்ட் 2017-ல் தன் முதல் கேரியிலேயே பந்தைத் தவறவிட்டார். சீஃப்ஸ் பயிற்சியாளர் ஆண்டி ரீட் அவரை உட்கார வைக்கவில்லை. அந்த இரவே பேட்ரியட்ஸுக்கு எதிராக மொத்தம் 246 யார்டு, 3 டச்டவுன். சீசன் முடிவில் 1,327 யார்டோடு லீகில் முதலிடம். அவர் மூன்றாம் சுற்றில் வந்தவர்.

எல்லா ஃபம்பிளும் ஒரே மாதிரி இல்லை. நெஞ்சோடு அணைத்த பந்தை நேர் மோதலில் விட்டால் அது மோதலின் பலம். கூட்டத்தில் ஓடும்போது பந்து உடம்பை விட்டு விலகி ஆடினால் அது பழக்கம், திருத்தாவிட்டால் திரும்ப வரும். விரல் நுனியில், உள்ளங்கையில், முன்கையில், மேற்கையில், நெஞ்சில் என்று ஐந்து இடத்திலும் பந்து ஒட்டியிருக்கிறதா என்று ஸ்லோ மோஷனில் பாருங்கள்.

* * *

மூன்றாம் சுற்று என்றதால் சொல்கிறேன்: எதிர்பார்ப்பு பையன் போட்டுக்கொள்வது அல்ல, அணி கொடுத்த விலை போடுவது. 1999-ல் செயின்ட்ஸ் அணி ரிக்கி வில்லியம்ஸுக்காக அந்த ஆண்டின் தன் எல்லாத் தேர்வுகளையும், அடுத்த ஆண்டின் முதல், மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் வாஷிங்டனுக்குக் கொடுத்தது. வில்லியம்ஸ் 884 யார்டு. அணி 3 வெற்றி, 13 தோல்வி. பயிற்சியாளர் மைக் டிட்காவின் வேலை போயிற்று. வில்லியம்ஸுக்கு ஒரு தேர்வு முன்னால், 4-வதாகப் போன எட்ஜரின் ஜேம்ஸ், குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் இருந்த கோல்ட்ஸில் 1,553 யார்டு எடுத்து லீகில் முதலிடம் பிடித்தார். வில்லியம்ஸுக்கு லைனை பலப்படுத்தத் தேவையான தேர்வுகளை எல்லாம் அவருக்காகவே கொடுத்துத் தீர்த்திருந்தார்கள். இதில் அந்தப் பையன் என்ன செய்வான்?

ஆறாம் சுற்றில் வந்த ஆல்ஃபிரட் மாரிஸ் 2012-ல் 1,613 யார்டு ஓடியபோது யாரும் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. அதனால் ஒவ்வொரு யார்டும் கொண்டாட்டமாக இருந்தது.

* * *

முடிவு சொல்ல எந்த வாரம் வரை காத்திருப்பது என்று கேட்பீர்கள். என் கணக்கில் எட்டு. அதற்குள் பிளிட்ஸ் பாடம் பிடிபட்டிருக்கும், பயிற்சியாளரின் நம்பிக்கை ஸ்னாப் சதவீதத்தில் தெரிந்துவிடும். டிசம்பரில் இன்னொரு சோதனை. கல்லூரியில் 12, 13 ஆட்டத்தோடு முடியும் உடம்பு, இங்கே 17 ஆட வேண்டும். கணுக்கால், விலா, தோள் எல்லாம் வலிக்கும் காலம் அது. அப்போது வேகம் குறைகிறதா, சரியாக முடிக்கிறாரா என்று பாருங்கள். 2020-ல் ஜோனதன் டெய்லர் சீசனின் பாதி வரை தடுமாறினார், கோல்ட்ஸ் ரசிகர்கள் பலர் கைவிட்டும் இருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் ஜாகுவார்ஸுக்கு எதிராக 253 யார்டு. மொத்தம் 1,169.