சிறுவிடைக் கோழி பிஜிசி மூன்றாம் வாரத்தில் பெருகுவதை நிறுத்திவிடுகிறது

நாமக்கல் பக்கம் ஓர் ஆய்வகத்தில் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனத்தின் பிஜிசி, அதாவது பின்னால் முட்டையாகவோ விந்தாகவோ மாறும் ஆதி இனச்செல்களை, வளர்க்கிறோம். 2.5 நாள் கருவின் ரத்தத்திலிருந்து எடுத்தது. ஃபீடர் செல்கள், அதாவது அடியில் பரப்பி வளர்ப்புக்குத் துணையாக வைக்கும் வேறு செல்கள், கிடையாது. மீடியம், அதாவது வளர்ப்புத் திரவம்: கால்சியம் குறைத்த டிஎம்இஎம் கரைசல், பி27 ஊட்டக் கலவை, எஃப்ஜிஎஃப்2, ஆக்டிவின் ஏ என்ற வளர்ச்சிப் புரதங்கள், ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற முட்டை வெள்ளைப் புரதம். 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு.

முதல் இரண்டு வாரம் குறையே இல்லை. சிவப்பணுக்கள் கழிந்து, உருண்டைச் செல்கள் பளபளவென்று மிதக்கும். அப்புறம் திராட்சைக் கொத்து மாதிரி திரண்டு, தட்டில் ஒட்டி, பெருகுவது நின்றுவிடுகிறது. பிசிஆரில் பாலினம் பார்த்தோம்: ஆண் கருக்களில் சில தப்பிக்கின்றன, பெண்ணில் எதுவும் இல்லை.

எஃப்ஜிஎஃப்2 புதிது மாற்றினோம். மீடியத்தின் ஆஸ்மோலாலிட்டியை (கரைபொருள் செறிவை) 250 mOsm/kgக்கு இறக்கினோம். கோழி சீரமும் சேர்த்துப் பார்த்தாயிற்று. செல் வளர்ப்பைக் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா சோதனையும் நெகட்டிவ். ஃபீடர் போடச் சொல்கிறார்கள். பிறகு அதிலிருந்து பிஜிசியைப் பிரித்தெடுப்பது பெரிய தலைவலி என்பதால் எனக்கு மனசில்லை.

நாட்டுக்கோழியின் பெண் பிஜிசியை ஃபீடர் இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் வளர்த்தவர்கள், மீடியத்தில் எதை மாற்றினீர்கள்?